நாற்சந்தியில் உடைத்த பூசணி

எங்கள் ஊரில் இப்போது நாற்சந்தி இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு வட்டம் இருக்கிறது. வட்டத்துக்கு நடுவில் லாவெண்டர் நட்டிருக்கிறார்கள். ஓரிடத்தில் என்ன நடுவதென்று தெரியாவிட்டால் இந்த நாட்டில் லாவெண்டர் நட்டுவிடுவார்கள்.

எங்கள் ஊர் என்று நான் சொல்வது யாழ்ப்பாணத்தை அல்ல. ஹனோவரிலிருந்து முக்கால் மணித்தியாலம் பஸ்ஸில் போய், சீனி எடுக்கிற பீற்றூட் வயல்களுக்கு நடுவில் இறங்க வேண்டிய இடத்தை. மார்க் போய் யூரோ வந்த வருஷம் நானும் மனைவியும் அங்கே குடிபோனோம். அப்போது அதை ஊர் என்றும் சொல்ல ஏலாது. இரண்டு தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின, அவ்வளவுதான். ஒரு மூலையில் காஸ்ட்ஹவுஸ், அதாவது கீழே சாப்பாடும் பியரும் மேலே நாலு அறையுமாக ஒரு பழைய விடுதி. அதற்கு எதிர் மூலையில் பேக்கரி. மூன்றாவதில் ஊர் இளைஞர்களே நடத்துகிற தீயணைப்புப் படையின் கொட்டில். நாலாவது மூலையில் ஒரு கமக்காரர் ஒரு மேசையைப் போட்டு, உருளைக்கிழங்கும் பூசணியும் ஒரு தகர உண்டியலும் வைத்திருந்தார். விற்பதற்கு ஆள் இல்லை. சனம் காசை உண்டியலில் போட்டுவிட்டுத் தானே எடுத்துக்கொண்டு போகும். முதல் நாள் அதைக் கண்டு நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"வாயை மூடுங்கோப்பா. உண்டியல் எண்டு நினைச்சு அதுக்குள்ளயும் ஆரும் போட்டிடுவினம்," என்றாள் மனைவி.

அங்கே போனது எனக்கு விடுதியில் வேலை கிடைத்ததால். முதலாளியம்மா புருஷனைப் பறிகொடுத்தவர், அறுபது வயதிருக்கும், இரண்டு கையிலும் எட்டுப் பியர்க் கிளாஸ் தூக்குவார். "சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அதுவரைக்கும் என் சமையல் அனுபவம் முட்டை அவித்ததுதான். அதிலும் ஒன்று வெடித்தது. மனைவி நூல்நிலையத்தில் சமையல் புத்தகம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து வாசித்து, பின்னேரம் பின்னேரமாக எனக்கு ஷ்னிட்செல் என்கிற தட்டை இறைச்சியைப் பொரிக்கச் சொல்லித் தந்தாள். மாட்டையும் பன்றியையும் வாயில் வைக்காத மனுஷி. மணத்தை வைத்தே "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு, சுற்றுவட்டாரத்தில் நல்ல ஷ்னிட்செல் அந்தக் கறுத்த மனுஷன் பொரிக்கிறதுதான் என்று பெயர் வந்தது. நானும் வெட்கமில்லாமல் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீடு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை. யன்னலைத் திறந்தால் சந்தி. வேலைக்குப் போக நான் கடக்க வேண்டியது ஒரு தெரு.

அந்த ஊர் எப்படி வந்தது என்று முதலாளியம்மா ஒருநாள் கிளாஸ் துடைத்துக்கொண்டே சொன்னார். முந்தி அந்த இடத்தில் சந்தி மட்டும்தான் இருந்ததாம். பாரம் ஏற்றி வந்த ஒரு வண்டியின் சில்லு சந்தியில் உடைந்து போனதாம். வண்டிக்காரன் இருந்து குடிக்க ஓரிடம் வேண்டுமென்று விடுதி வந்ததாம். உடைந்த சில்லைத் திருத்தக் கொல்லன் வந்தானாம். கொல்லனுக்குப் பசித்ததால் பேக்கரி வந்ததாம். "உடைஞ்ச ஒண்டிலயிருந்து தொடங்கின ஊர் இது," என்றார். உண்மையோ, வருகிறவனுக்கெல்லாம் அவிழ்த்துவிடுகிற கதையோ தெரியாது. எனக்குப் பிடித்திருந்தது. நானும் உடைந்த ஒன்றிலிருந்து வந்து இறங்கினவன்தானே.

மனைவிக்குச் சந்தி பிடித்ததற்கு வேறு காரணம். நாவூறு, அதாவது கண் திருஷ்டி, கழிக்கச் சந்தி மண் வேண்டும். செத்தல் மிளகாயும் உப்பும் நாற்சந்தி மண்ணும் எடுத்து, ஆளை மூன்று தரம் சுற்றி, நெருப்பில் போட வேண்டும். ஹனோவரில் நாலாம் மாடியில் இருந்தபோது சந்தியெல்லாம் தாரும் ட்ராம் தண்டவாளமுமாக இருந்தது. இங்கே தெரு ஓரத்தில் நல்ல கறுப்பு மண். குடிபோன கிழமையே என்னை ஒரு தேக்கரண்டியோடு அனுப்பினாள்.

"ஆர் இஞ்ச எங்களுக்குக் கண்ணூறு படுத்தப் போயினம்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கில்லை. எனக்கு."

நாவூறு இருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். ஒருநாள் எனக்கும் சுற்றிப் போட்டாள். அன்று கமறின கமறலில் கீழே பேக்கரிக்காரி தும்மினாள், புகை காட்டும் கருவி கத்தியது, எதிரேயிருந்த தீயணைப்புக்காரர் கொட்டில் கதவைத் திறந்தார்கள். கண்ணூறு படுமளவுக்கு என்னில் அழகும் இல்லை, வளமும் இல்லை என்பது அன்று ஊருக்கே உறுதியாயிற்று.

இரண்டு வருஷத்துக்குள் பாரந்தூக்கிகள் வந்தன. பீற்றூட் வயலை அளந்து துண்டு துண்டாக விற்றார்கள். ஹனோவரிலிருந்து இளம் குடும்பங்கள் வந்து ஒரே மாதிரி வீடுகளாகக் கட்டின. புதுத் தெருக்களுக்கெல்லாம் குருவிகளின் பெயர் வைத்தார்கள். அந்தக் குருவிகளைத் துரத்திவிட்டுத்தான் தெருவே போட்டது. பிறகு பிள்ளைகள் பள்ளி, பல் டாக்குத்தர், கமக்காரரின் வயலில் வாகனத் தரிப்பிடத்தோடு ஒரு பெரிய கடை. கமக்காரர் மேசையைப் பத்து அடி தள்ளிப் போட்டார். உண்டியலுக்குப் பூட்டு வந்தது. ஊர் வளர்ந்துவிட்டதென்று அந்தப் பூட்டைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

சந்தியில் நடைபாதைக் கல் பதித்தார்கள். என் தேக்கரண்டிக்கு வேலை கஷ்டமாகியது. தெருப்பெயர்ப் பலகைக்குப் பின்னால், கம்பம் நட்ட இடத்தில் மட்டும் ஒரு கைப்பிடி மண் மிஞ்சியிருந்தது. நான் குந்தியிருந்து சுரண்டுவதைக் கண்ட ஒரு புது வீட்டுக்காரி, ஏதும் தொலைத்துவிட்டேனா என்று தானும் குனிந்து தேடினாள். நல்ல மனுஷி. கால் மணித்தியாலம் இருவருமாகத் தேடினோம். "கிடைச்சிட்டுது" என்று பொய் சொல்லித்தான் அவளை அனுப்பினேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டு இருந்த நாளில்தான், குளிக்கும்போது மார்பில் ஏதோ கையில் தட்டுப்படுகுது என்று மனைவி சொன்னாள். ஏதோ கடையில் வெங்காயம் முடிந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். ஹனோவரில் பெரிய ஆஸ்பத்திரியில் டெர்மின், அதாவது டாக்குத்தரிடம் காட்ட ஒரு நாள், குறித்துத் தந்தார்கள். அதற்கு முதல் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு இருத்தினாள்.

"இஞ்சேருங்கோ, இந்த முறை மண்ணும் மிளகாயும் காணாது. பூசணி உடைக்க வேணும்."

"அது கடை திறக்க, வீடு குடிபுகவெல்லோ."

"எனக்குப் பயமாக்கிடக்கு," என்றாள். அதற்குப் பிறகு நான் பகிடி விடவில்லை.

உடைக்கிற வெள்ளைப் பூசணிக்கு, நீத்துப்பூசணிக்கு, எங்கே போவது? ஹனோவர் தமிழ்க் கடையில் முடிந்துவிட்டதாம். கமக்காரரின் மேசையில் செம்மஞ்சள் நிறத்தில் உருண்டையாக ஒன்று வாங்கினேன். மேலே ஓட்டை போட்டு, உள்ளே குங்குமமும் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஊற்றினாள். ரத்தச் சிவப்பு. பொழுதுபடுகிற நேரம் அவளைக் கதிரையில் இருத்தி, பூசணியின் தலையில் கற்பூரம் ஏற்றி மூன்று தரம் சுற்றினேன்.

"சந்திக்கு நடுவில உடைக்க வேணும். உடைச்சிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேணும். விளங்கிச்சோ? ஆர் கூப்பிட்டாலும் திரும்பப்பிடாது."

"நீர்?"

"நான் உள் அறைக்குள்ள இருப்பன். நான் பாக்கக் கூடாது."

வாகனம் இல்லாத நேரம் பார்த்து ஓடிப்போய் நடுச்சந்தியில் ஓங்கி உடைத்தேன். அழகாகத்தான் உடைந்தது. திரும்பி ஐந்து அடி வைத்திருப்பேன். பின்னால் விடுதி யன்னல் திறந்தது.

"குட்டன் ஆபென்ட்!"

முதலாளியம்மாவின் குரல். அந்த ஊரில் ஒருவர் வணக்கம் சொல்லிப் பதில் சொல்லாவிட்டால், உங்களைப் பத்து வருஷத்துக்கு ஒருவரும் மறக்க மாட்டார்கள். அதைவிட, சொன்னவர் முதலாளி. என் கழுத்து என்னைக் கேட்காமலே திரும்பிவிட்டது. "குட்டன் ஆபென்ட்" என்று கையையும் காட்டினேன். பல்லையும் காட்டினேன். முதலாளியம்மாவுக்கும் எனக்கும் நடுவில் பூசணி நாலு துண்டாகக் கிடந்தது. சிவப்புத் தண்ணீர் எங்கள் வீட்டுப் பக்கமாக ஓடி வந்துகொண்டிருந்தது.

படிக்கட்டில் கால் கழுவத் தண்ணீரோடு மனைவி நின்றாள்.

"திரும்பிப் பாத்தனீங்களோ?"

"இல்லையப்பா."

"உண்மையாயோ?"

"ஓமப்பா, உண்மையா."

அவள் என் காலில் தண்ணீரை ஊற்றினாள். ஒரு செம்பு போதும், மூன்று செம்பு ஊற்றினாள்.

அடுத்த நாள் டெர்மின் முடிந்து, முடிவு வரச் சில நாள் பொறுக்கச் சொல்லி அனுப்பினார்கள். பின்னேரம் வேலைக்குப் போனால், விடுதி முழுக்க அந்தக் கதை. தீயணைப்புக்காரர் காலையில் வந்து மணல் கொட்டிக் கழுவினார்களாம். மான் அடிபட்டது என்றார் ஒருவர். புது வீட்டுப் பொடியங்களின் சேட்டை என்றார் இன்னொருவர். கமக்காரர் மட்டும் மேசையில் குத்தி, "அது என் பூசணி! என் பூசணியை எனக்குத் தெரியாதா?" என்றார். நான் குசினிக்குள் ஷ்னிட்செலை அடித்துத் தட்டையாக்கிக்கொண்டு இருந்தேன். தேவையில்லாமல் நிறைய அடித்தேன்.

முதலாளியம்மா உள்ளே வந்தார். என் சப்பாத்தைப் பார்த்தார். நுனி முழுக்கச் சிவப்பு.

"எதற்கு அது?"

"மனைவிக்கு டெர்மின்," என்றேன். வேறு விளக்கம் சொல்ல எனக்குத் தெரிந்த டொச்சுப் பாஷையில் சொல் இல்லை.

ஒரு ஈரத் துணியை எடுத்துத் தந்துவிட்டு வெளியே போனார். அந்தப் பூசணி தன் சைக்கிள் கூடையிலிருந்து விழுந்தது என்று அவர் கமக்காரருக்குச் சொல்வது கதவுக்கால் கேட்டது. அந்த மனுஷி சைக்கிள் ஓட்டி ஒருவரும் கண்டதில்லை. ஆனாலும் ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை.

முடிவு வந்தது. நல்லதாக வரவில்லை.

வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள். எண்ணெய் மணம் பட்டாலே அவளுக்குச் சத்தி, தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். சுற்றுவட்டாரத்தின் பெரிய ஷ்னிட்செல்காரனாகிய நான், விடுதிக் களஞ்சியத்தில் மாற்றுடுப்பு வைத்து, குளித்து, பிறகுதான் தெருவைக் கடப்பேன். ஒரு தெருவைக் கடக்க நாளைக்கு இரண்டு குளிப்பு. அப்படியும் கதவடியில் நின்று மூக்கைச் சுளித்து, "இண்டைக்கு ஒரு ரெண்டு நிமிஷம் கூடப் பொரிச்சிட்டியள்" என்பாள். இரண்டு வருஷம் நல்லாக இருந்தாள். முடி பழையபடி வளர்ந்தது. பிறகு அது திரும்பி வந்தது. இந்த முறை ஈரலில்.

ஒவ்வொரு டெர்மினுக்கும் முதல் நாள் மண் எடுக்கப் போவேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கழுத்து ஞாபகம் வரும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, இன்றைக்கும் இல்லை. நம்பிக்கை இல்லாதவனுக்குப் பாவம் பிடிக்காது என்று ஆர் சொன்னது?

ஊர் இன்னும் வளர்ந்தது. சந்தியில் வாகனங்கள் முட்டிக்கொண்டன. சிவப்பு விளக்குப் போட்டும் சரிவரவில்லை. சந்தியை எடுத்துவிட்டு வட்டம் போடுவது பற்றிக் கதைக்க விடுதி மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நான் பியர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு நின்றேன். வட்டத்துக்கு ஆதரவானவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். மண்டபம் முழுக்கக் கை. எதிரானவர்கள் என்றதும், தட்டை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு நான் ஒருவன் தூக்கினேன்.

"ஏன்?" என்று ஊர்த் தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

என்னத்தைச் சொல்ல? என் பெண்சாதிக்கு நாளன்றைக்கு டெர்மின், எனக்கு இந்த நாலு மூலையும் வேண்டும் என்று சொல்லவா? "எனக்குத் தலை சுத்தும்," என்றேன். மண்டபமே சிரித்தது. முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. மெல்லத் தன் கையையும் தூக்கினார். இரண்டு வாக்கு. தோற்றோம்.

தோண்டத் தொடங்கிய அன்று மனைவி யன்னலடியில் கதிரை போட்டு இருந்து பார்த்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். "போய்க் கொஞ்சம் எடுத்து வையுங்கோவன், பிறகு கிடையாது," என்றாள். ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவிக்கொண்டு போனேன். தாருக்குக் கீழே கல்லு, கல்லுக்குக் கீழே பழைய மண், ஈரமாக, கறுப்பாக. மஞ்சள் தொப்பி போட்டவன் என்னத்துக்கு என்று கேட்டான். "தோட்டத்துக்கு," என்றேன். மாடியில் இரண்டு அறையில் இருக்கிறவனுக்கு என்ன தோட்டம்? அவன் பாவம், தன் மண்வெட்டியாலேயே அள்ளி நிரப்பித் தந்தான்.

போத்தலை மிளகாய்த்தூள் போத்தல்களோடு தட்டில் வைத்தோம்.

இலையுதிர் காலம் தொடங்கும்போது, இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சுகமானவரையும் அந்தச் சொல்லால்தான் அனுப்புவார்கள், அவளையும் அதே சொல்லால்தான் அனுப்பினார்கள். விடுதியின் பழைய காரை முதலாளியம்மா தந்தார். வட்டம் திறந்து ஒரு மாதம். லாவெண்டர் சின்னச் சின்னதாக நின்றது. அவள் முன் சீற்றில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். எங்கள் வாசலுக்குத் திரும்புகிற இடம் வந்தது.

"திரும்பாதேங்கோ. சுத்துங்கோ."

"எதை?"

"இதைத்தான். மூண்டு தரம்."

சுற்றினேன். முதல் சுற்றில் விடுதி, கொட்டில், பெரிய கடை, பேக்கரி. இரண்டாம் சுற்றில் பின்னால் ஒரு சாமான் வான் வந்து ஹோர்ன் அடித்தது. அவள் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. இருமலுக்குள்ளும் சிரித்தாள்.

"இதில திரும்பிப் பாராமல் வர ஏலாதப்பா," என்றாள். "சுத்தச் சுத்த எல்லாம் முன்னுக்கு வருகுது."

எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. மூன்றாம் சுற்றில் சொன்னேன்.

"இஞ்சேரும், அண்டைக்கு நான் திரும்பிப் பாத்தனான். பூசணி உடைச்ச அண்டைக்கு. மனுஷி குட்டன் ஆபென்ட் சொன்னா. நான் திரும்பிட்டன்."

"தெரியும்."

"என்னெண்டு?"

"நான் யன்னலில நிண்டு பாத்துக்கொண்டெல்லோ நிண்டனான். கையையும் காட்டினியள், பல்லையும் காட்டினியள்."

"நீரும் பாக்கக் கூடாதெல்லே! அப்ப ஏன் பாத்தனீர்?"

"நீங்கள் ஒழுங்கா உடைப்பியளோ எண்டு நம்பிக்கை இல்லை," என்றாள். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, "அதில ஒண்டும் இல்லையப்பா. எனக்கு வரவேண்டியது வந்தது," என்றாள்.

"பிறகேன் திரும்பிப் பாத்தனீங்களோ எண்டு என்னட்டக் கேட்டனீர்?"

"நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பாக்கத்தான்."

நாலாவது தரமும் சுற்றினேன். அது கணக்கில் இல்லை. வீட்டுக்குத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். வான்காரன் கையைக் காட்டி ஏசினான்.

பதினேழு நாள் இருந்தாள். கடைசிக் கிழமையில் மணம் ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. நான் குளிக்காமலே கடந்து போகலாம் என்று ஆகியது. ஆனாலும் குளித்தேன்.

ஹனோவரில் எரித்தோம். பிள்ளை இல்லாததால் நான்தான் செய்ய வேண்டும். இங்கே கொள்ளி என்று சொன்னாலும் ஒரு பொத்தானைத்தான் அமத்துவது. முதலாளியம்மா கறுப்பு உடுப்போடு வந்தார், கமக்காரர் வந்தார், தீயணைப்புக்காரர் நாலு பேர் சீருடையோடு வந்து சுவரோரம் நின்றார்கள். அவர்களுக்கு நெருப்பை அணைக்காமல் பார்த்துக்கொண்டு நின்று பழக்கம் இல்லை. பாவங்கள், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். கிரியை செய்து வைத்த ஹனோவர் அண்ணை பொத்தானைக் காட்டினார். அமத்தினேன்.

"சரி தம்பி. இனித் திரும்பிப் பாராமல் நடவுங்கோ," என்றார்.

கதவு மட்டும் நடந்தேன். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. ஒருவரும் குட்டன் ஆபென்ட் சொல்லவில்லை. நானாகத்தான் திரும்பினேன். நல்லா நின்று பார்த்தேன். "தம்பி, தம்பி" என்று அண்ணை கையைப் பிடித்து இழுக்கும் வரைக்கும் பார்த்தேன்.

முதலாளியம்மா காரில் கொண்டுவந்து பேக்கரி வாசலில் இறக்கிவிட்டார். வட்டத்தை ஒரு தரம் சுற்றித்தான் நிற்பாட்டினார், அது அப்படித்தான் போக வேண்டும். படியேறி, சப்பாத்தைக் கழற்றி, நானே செம்பில் தண்ணீர் மொண்டு நானே காலில் ஊற்றினேன். மூன்று செம்பு.

இந்த முறை உண்மையைச் சொல்வது என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். ஈரக் காலோடு கதவடியில் கன நேரம் நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை.